பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு: ஜூன் முதல் ரிசல்ட் நாள் வரை

எங்கள் வீட்டில் நான்கு வருடத்தில் மூன்று பொதுத்தேர்வுகள். மகன் பத்தாவது, அப்புறம் பன்னிரண்டாவது, அடுத்த வருடமே மகள் பத்தாவது. முதல் தேர்வு வருடத்தில் நான் செய்த தப்புகளை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது. அதில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மகன் பத்தாவது படித்தபோது சரஸ்வதி பூஜைக்காகப் புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அட்லஸுக்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு தாள் விழுந்தது. ஆகஸ்ட் மாதத் தேர்வின் கணக்கு விடைத்தாள். 50-க்கு 17. கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் பென்சிலில் போட்டுப் பார்த்து அழித்திருந்தான். இரண்டு மூன்று முறை அழித்திருக்க வேண்டும், அந்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

மாலையில் அவன் வந்ததும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஜூலை டெஸ்ட்ல மார்க் குறைஞ்சப்போ நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்லம்மா."

அந்த வருடத்தில் எனக்குப் புரிந்த பெரிய விஷயம் இதுதான். பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. வீடு செய்ய வேண்டியது வேறு. கெட்ட செய்தியைப் பயப்படாமல் கொண்டுவந்து சொல்ல முடிகிற இடமாக அது இருக்க வேண்டும். கணக்கு வரவில்லை என்பதை ஆகஸ்டிலேயே தெரிந்துகொண்டால் ஏதாவது செய்யலாம். மார்ச்சில் தெரிந்தால் என்ன செய்வது? கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

படி 1 – ஜூனில், பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள்

பிள்ளை தூங்கின பிறகு அப்பாவும் அம்மாவும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தாத்தா பாட்டி கூட இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க் குறைந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பயப்படுகிறீர்களோ, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். என் கணவர் சொன்னது: "ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்க." நான் சொன்னது: "எங்க அண்ணன் பையன் 480 வாங்கினான்." சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பயமும் எங்களுடையவை. பையனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து, மார்க் எதை முடிவு செய்கிறது, எதை முடிவு செய்யவில்லை என்று விவரம் சேகரியுங்கள். பயத்தில் பாதி விவரம் தெரியாததால் வருவது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவதுக்கு ஐந்து பாடம், 500 மார்க், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் பாஸ். அந்த மார்க்கின் முக்கியமான வேலை பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப் கிடைக்கும் என்பதுதான். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ படித்தால், நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. இருக்கிறது.

பன்னிரண்டாவதுக்கு இப்போது 600 மார்க். நம் காலத்து 1200 கணக்கு 2018 தேர்வோடு முடிந்துவிட்டது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் பாஸ். பொறியியல் கட்-ஆஃப் கணக்கு 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தோற்றுப்போனாலும் ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு எழுதி அதே வருடம் மேலே படிக்கப் போகலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினோம். பிள்ளைக்காக ஒட்டியது எங்களுக்குத்தான் அதிகம் உதவியது.

படி 2 – விடைத்தாளை வாங்கிப் பார்க்கும் பழக்கத்தை மாற்றுங்கள்

ஆண்டின் முதல் மாதத் தேர்வு மார்க் வரும் நாள் ரொம்ப முக்கியம். அன்றைக்கு நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்களோ, அதை வைத்துத்தான் அடுத்த தாளை உங்களிடம் காட்டலாமா மறைக்கலாமா என்று பிள்ளை முடிவு செய்கிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. தாள் கைக்கு வந்ததும் முதல் பக்கத்து மார்க்கைப் பற்றிப் பேச மாட்டோம். சாப்பாடு முடியட்டும். பிறகு பிள்ளையே சிவப்பு மை பட்ட இடங்களைப் பார்த்து மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தெரிந்தும் கவனக்குறைவால் விட்டது, படித்தும் மறந்துபோனது, புரியவே இல்லாதது. நாங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். இதற்கு இருபது நிமிடம் போதும்.

முதல் முறை மகன் பிரித்தபோது 33 மார்க் போனதில் கவனக்குறைவு 6 மட்டும்தான். காரணிப்படுத்துதல் புரியவே இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே புரியாமல் இருந்திருக்கிறது. "கவனமா எழுது, கவனமா எழுது" என்று நான் மூன்று மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது எவ்வளவு வீண்! டியூஷன் சாரிடம் போய், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னோம்.

திட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். கோபம் வந்தால் "எனக்கு இப்ப கோபமா இருக்கு, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அம்மா பேசாத இரண்டு நாள் அடியைவிடப் பெரிய தண்டனை.

படி 3 – தூக்கத்தை முதலில் ஒதுக்குங்கள், மிச்சத்தில் படிப்பு

இந்தப் படியில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நம் ஊரில் பத்தாவது பிள்ளை ஆறு மணி நேரம் தூங்கினாலே "நல்லாத் தூங்குது" என்கிறோம்.

பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகத்தான் சுரக்கிறது. அதனால் இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராததும் காலையில் எழுந்திருக்க முடியாததும் சோம்பேறித்தனத்தில் சேராது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தால் நல்லா மனசில் நிற்கும் என்று நம் அப்பா அம்மா நம்பினார்கள். எட்டரைக்கே படுத்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் நாலரை மணி நேரத் தூக்கம்தான். அன்றைக்குப் படித்தது மூளையில் பதிவதும் தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டினால் படித்ததையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

எங்கள் வீட்டில் செய்தது: பள்ளி வேன் 7.45-க்கு. எழுந்திருப்பது 6.30. அங்கிருந்து எட்டு மணி நேரம் பின்னால் எண்ணினால் இரவு 10.30. அந்த நேரத்துக்கு ஹாலில் விளக்கு அணையும், எங்களுக்கும் சேர்த்து. டிவியும் கிடையாது. முதல் வாரம் என் கணவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் காபி, டீயை நிறுத்தினோம். காபியில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குக் குடித்தால் இரவு ஒரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்க விடாதீர்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அது போதும்.

படி 4 – சாப்பாடு

இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஞாபக சக்திக்கு என்று கடையில் விற்கும் பொடியும் டானிக்கும் தேவையில்லை. காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு இட்லிகூடப் போதும்.

பெண் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒன்று அழுத்திச் சொல்கிறேன். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மகள் பத்தாவது படித்தபோது புத்தகத்தைத் திறந்தால் அரை மணியில் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். "படிக்கச் சொன்னா தூக்கம் வந்துருமே" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.4. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் சேர்ந்து மூன்று மாதத்தில் சரி செய்தன. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்தினோம், அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், பையிலேயே வைத்திருக்காமல் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். பையன்களுக்கும் சோர்வு தொடர்ந்தால் சோதித்துப் பார்ப்பது நல்லது.

படி 5 – டைம்டேபிளைப் பிள்ளையே போடட்டும்

நீங்கள் போட்டால் அது உங்கள் டைம்டேபிள், மீறத்தான் தோன்றும். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்காமல், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கும் நேரம் அதில் இருக்கட்டும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். "எல்லாம் படிச்சேம்மா, பரீட்சையில மறந்துபோச்சு" என்று பிள்ளை சொல்வது பொய் இல்லை. வாசித்தபோது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

நீங்கள் உதவ நினைத்தால் சமைத்துக்கொண்டே "இன்னைக்குப் படிச்சதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். மகள் எனக்கு அடுப்படியில் வைத்து மின்னோட்டவியல் முழுக்க நடத்தியிருக்கிறாள். எனக்குப் பாதி புரியவில்லை. நான் கேட்ட கேள்விகளால் அவளுக்குப் புரிந்தது.

தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசையட்டும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. பத்தாவது வந்ததும் கிரிக்கெட் மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

படி 6 – போன்

பிடுங்கி வைப்பது இன்றைக்கு நடக்காத காரியம். பள்ளி நோட்ஸ் வாட்ஸ்அப்பில் வருகிறது, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதனால் நேரம் வைத்தோம். மாலை ஆறிலிருந்து ஆறரை வரை நோட்ஸ் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வது. நீளமாக இருந்தால் கடையில் பிரிண்ட். இரவு எல்லா போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கும். அப்பா போனும்தான். இதில் பெரியவர்களுக்கு விலக்கு கொடுத்தால் மூன்றே நாளில் எல்லாம் கலைந்துவிடும்.

படி 7 – சொந்தக்காரர்களை நீங்கள் சமாளியுங்கள்

"எவ்வளவு எடுப்ப? டாக்டரா, இன்ஜினியரா?" தீபாவளிக்கும் கல்யாண வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். பிள்ளையைப் பதில் சொல்ல விடாதீர்கள். "நல்லாப் படிக்கிறான் அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று நீங்களே முந்திக்கொண்டு பேச்சை முடியுங்கள். பக்கத்தில் நின்று அப்பாவோ அம்மாவோ தனக்காகப் பேசுவதைப் பிள்ளை பார்க்கும். மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. வீட்டுக்குள் நாம் மட்டும் ஏன் ரேங்க் போட வேண்டும்?

படி 8 – ஜனவரிக்கு மேல், பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்

திருப்புதல் தேர்வுகள் வரிசையாக வரும் மாதங்கள் இவை. கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் அழுகை, வயிற்றுவலி எல்லாம் சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ மாறிப்போனால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், நண்பர்களைத் தவிர்த்தால், "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று அடிக்கடி சொன்னால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

"நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா கண்ணு?" கேட்பதற்கு நாக்கு எழாது, தெரியும். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆமாம் என்று சொன்னால் புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்துகளைப் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. பிள்ளை தானே கூப்பிடக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இந்த மூன்று எண்களையும் ஃபிரிட்ஜில் ஒட்டிய அதே தாளில் எழுதுங்கள். நெருக்கடி வந்த பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

படி 9 – தேர்வு நாட்கள்

ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல், தண்ணீர் பாட்டில் எல்லாம் முதல் நாள் இரவே பையில் இருக்கட்டும். தேர்வு மையம் வேறு பள்ளி என்றால் ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கழிவறை எங்கே இருக்கிறது என்பது உட்பட. கேள்வித்தாள் 10 மணிக்குக் கொடுப்பார்கள். வாசிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-லிருந்து 1.15 வரை எழுதலாம். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்த கேள்விகளை மனதில் குறித்துக்கொள்ளச் சொல்லி வீட்டிலேயே நாலைந்து முறை பழக்குங்கள். கை நடுங்கினால் மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடட்டும். ஐந்து முறை செய்தால் படபடப்பு இறங்கும்.

சாப்பாட்டில் புதுசாக எதையும் முயற்சி செய்யாதீர்கள். வெளியே வந்ததும் "எப்படி எழுதின?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். "பசிக்குதா?" என்று கேளுங்கள். கேள்வித்தாளை விரித்து வைத்து மார்க் கூட்டிப் பார்க்க வேண்டாம். முடிந்த பாடத்தை நினைத்து அழுதால் அடுத்த பாடத்துக்குத்தான் நஷ்டம்.

படி 10 – ரிசல்ட் நாள்

மே மாதத்தில் வரும். வருவதற்கு முன்னாலேயே மூன்று விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். அன்றைக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது லீவு போட வேண்டும், பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. மார்க்கை முதலில் பிள்ளை பார்க்கும், பிறகு நீங்கள். எந்த மார்க் வந்தாலும் மதியம் என்ன சமையல் என்பது முந்தின நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் விடைத்தாள் நகலுக்கும் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கலாம், துணைத்தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் ரிசல்ட் வந்து சில நாட்களில் கடைசித் தேதி வந்துவிடும். அதனால் பள்ளி அறிவிப்பை அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகன் பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். பிரியாணிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு அவனே வந்தான். "இயற்பியல்ல 61தாம்மா. 80 வரும்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. ஆனால் வந்து சொன்னான். அட்லஸுக்குள் எதையும் ஒளிக்கவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் விடைத்தாள் நகல் கேட்கக் கடைசித் தேதி எப்போது என்று அவனே பள்ளிக்குப் போன் போட்டான். நான் தம்முக்கு மேல்தட்டில் போடத் தணல் எடுக்கப் போனேன்.